பேய்க்கு எதுக்குப் பேச்சு

இந்தக் காலத்தில் எவன் கதையை முழுசாகப் படிக்கிறான்? கடையில் நின்றபடியே புரட்டுகிறான். ரத்தம் இருந்தால் வாங்குகிறான். அட்டையில் பொம்பளைப் பேர் இருந்தால் வைத்துவிட்டுப் போகிறான். அந்த லட்சணத்துக்குத் தகுந்த மாதிரிதான் எங்கள் முதலாளியும் படக்கதைப் புத்தகம் போடுகிறார்.

என் மகள் அங்கே படம் வரைகிறாள். முதலில் பென்சில், அதன் மேல் மை. மை காய்ந்ததும் பென்சில் கோட்டை அழிப்பது என் வேலை. ஆபீசில் எனக்கு ரப்பர் தாத்தா என்றே பேர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அழிக்கிறவனுக்கு அது போதும்.

இந்தத் தடவை பேய்க்கதை. கிணற்றிலிருந்து ஒருத்தி எழுந்து வருகிறாள், துப்பறிகிறவன் அவளை அடக்குகிறான். அவள் எப்படிச் செத்தாள் என்று என் மகள் இரண்டு பக்கம் வரைந்திருந்தாள். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் கதையையே யோசித்தாளாம். முதலாளி அதை மட்டும் உருவி மேசைக்கு அடியில் போட்டார்.

"பேய்க்கு எதுக்கும்மா பேச்சு? 'ஆ'ன்னு கத்தினாப் போதும். அட்டையில உன் பேரும் வேணாம். ஏதாவது ஆம்பளைப் பேரா வச்சுக்கலாம்."

"சார், இது அவ கதை சார்."

"அவளா வந்து புத்தகம் வாங்கப்போறா?"

மகள் முகம் செத்துப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். கிணற்றுக்காரியின் வாய்க்கு மேலே பேச்சு எழுதுகிற வட்டம். அதில் மையில் ஒரே ஒரு 'ஆ'. கீழே பென்சிலில் ஏதோ இருந்தது. கூட்டிப் படித்தேன்: 'நான் சொல்லி முடிக்கல.'

"ஏம்மா, அவர்தான் வேணாம்னுட்டாரே. மறுபடி எதுக்கு எழுதுற?"

"நான் எழுதலப்பா."

தேய்த்தேன், ஊதினேன். தூள் பறந்தது, எழுத்து போகவில்லை. அழுத்தித் தேய்த்தால் இன்னும் கறுத்தது. காகிதம் சில்லென்று இருந்தது. பாசி வாடை வேறு.

"என்ன பெரியவரே, கையில தெம்பு போச்சா?" முதலாளி ரப்பரைப் பிடுங்கித் தானே தேய்த்தார். அவர் தேய்க்கத் தேய்க்க, கீழே இன்னொரு வரி ஊறி மேலே வந்தது: 'உக்காரு.'

உட்கார்ந்துவிட்டார். பின்னால் நாற்காலி இல்லை. தரையில்தான்.

உட்கார்ந்த இடத்திலேயே மேசைக்கு அடியில் கையை விட்டு அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து நீட்டினார். "சேத்துடும்மா. உன் பேரையே போட்டுடலாம்."

மகள் பக்கங்களை அதனதன் இடத்தில் செருகினாள். நான் மறுபடி ரப்பரை வைத்தேன். ஒரே இழுப்பில் எல்லாம் போய்விட்டது. மையில் எழுதிய 'ஆ'வும் சேர்ந்து போய்விட்டது. ரப்பருக்கு மை அழியாது.

மகள் அந்த வெறும் வட்டத்தையே பார்த்தாள். "பயந்துதான்பா சேத்தாரு. இன்னும் ஒரு வரிகூடப் படிச்சுப் பாக்கல."

"பயப்பட என்ன இருக்கு? அழுத்தி எழுதினா தடம் விழும். மையும் கலப்படம். இப்பல்லாம் எது சுத்தமா வருது?"

ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பேயாம், பிசாசாம். பாதிப் படியில் பை நனைந்து நெஞ்சில் ஒட்டியது.

வேர்வைதான்.