தொழுமரக் காட்சி

பள்ளு நாடகம் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே ரெங்கம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. பண்ணையாட்களைப் பற்றி ஊர்க் கோயிலில் என்றோ பாடிவைத்த பழைய பாட்டாம். அதைத் திருவிழாவில் நடிக்க வேண்டுமாம். தமிழ் வாத்தியார் காயாரோகணம் தெருத்தெருவாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். பண்ணையாள் வேஷத்துக்கு அவர் கேட்டது யாரை? அவள் புருஷன் அரசப்பனை. அந்தப் பண்ணையாளின் காலைத் தொழுமரத் துளையில் மாட்டி, ஆண்டை பூட்டிவைக்கிற காட்சியும் அதில் உண்டு.

போன அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக, மிராசுதார் துரைராசு அரசப்பனை மாட்டுக்கொட்டகையில் காலைப் பிணைத்துப் போட்டார். வழக்கு கும்பகோணம் கோர்ட்டில் நடக்கிறது. அன்றிலிருந்து அரசப்பன் கணுக்கால் மறையத்தான் வேட்டி கட்டுகிறான். பட்டது போதாதென்று அதைப் பாட்டாக வேறு பாடுவார்களா?

"யாரு சொல்லிக்குடுத்து இதை ஆரம்பிச்சீங்க வாத்தியாரே?" என்று வழிமறித்தாள்.

"யாரும் சொல்லலம்மா. அந்தக் காலத்துல எழுதினது. இந்தக் காலத்து நியாயத்தை வச்சு அதைக் குத்தம் சொல்லலாமா? ஆறும் நெல்லும் எவ்வளவு அழகா வருது தெரியுமா?"

"அழகு உங்களுக்கு, அடி எங்களுக்கா? அந்தக் காட்சியை எடுத்துடுங்க. இல்லேன்னா விவசாயக் கூலிச் சங்கத்தையே கூட்டிட்டு வந்துடுவேன்."

வாத்தியார் அடுத்த தெருவுக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் நடவு வயலுக்கு மிராசுதாரின் காரியக்காரர் நாகநாதன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த வீட்டு ஆள் சிரித்தாலே யாருக்கோ எதுவோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"நீ வாத்தியார்கிட்ட சொன்னதுதான் சரின்னுட்டாரு ஐயா. காலம் மாறிப்போச்சு, அந்தக் காட்சி வேணாம், பந்தல் நானே போடறேன்னாரு. ஆளைக் கட்டிப்போடற வழக்கமே நம்ம ஊர்ல கிடையாதே! எவனோ கற்பனையா எழுதிவச்சிருக்கான்."

ரெங்கம்மாளின் கை நாற்றோடு அப்படியே நின்றது. அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றுதானே மிராசுதார் கோர்ட்டிலும் சொன்னார்! புருஷனுக்காகப் பேசுகிறோம் என்று நினைத்து, அவருக்கல்லவா வேலை செய்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் அரசப்பனையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள்.

"அந்தக் காட்சி இருக்கட்டுங்க. ஒரு வரிகூடக் குறையக் கூடாது."

இப்போது வாத்தியார் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது யாரு சொல்லிக்குடுத்தது?"

அரசப்பன் குனிந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினான். கணுக்காலில் கயிறு அறுத்த தழும்பு கறுத்துக் கிடந்தது.

"நான்தான் நடிக்கப்போறேன்," என்றான். "மிராசுதாருக்கு முன்வரிசையில நாற்காலி போடுங்க."