குதிக்கால் தரையில் படும் இடம்

1
இந்தக் கதை பயத்தில்தான் தொடங்கியது. காலிறுக்கத்தோடு பிறந்தவர்கள் பயந்தால் அந்த இறுக்கம் இன்னும் கூடும் என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை: அந்தக் கால்களை அளக்கும் வைத்தியர், பயத்தையும் சேர்த்தல்லவா அளந்துவிடுவார்?

2
முதல் தொடக்கம்: '1962, அக்கராயன் கிராமம். நாகேஸ்வரியின் மகள், பாவம், பிறந்த நாளிலிருந்தே—'

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் கதை அழுது வடியும்.)

இரண்டாவது: அருந்ததிக்கு இருபது வயது. குதிக்கால் நிலத்தில் படாது. குசினிக் கதவைப் பிடித்து, நுனிக்காலில் நின்றபடி கறி துழாவுவாள். சொல் வெளியே வர நேரமெடுக்கும். அதற்குள் தாய் சொல்லி முடித்துவிடுவார். மத்தியான வெயிலில் சூடேறிய குளத்துத் தண்ணீரில் மட்டும் கால்கள் இளகி, குதி சேற்றில் படும். இது தாய்க்கும் மகளுக்கும்தான் தெரியும்.

3
ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் தகப்பன் வீரகத்தி ஒரு பிழை விட்டார். மகள் விழுந்துவிடுவாள் என்று பயந்து, அவள் கால்களைப் பழஞ்சேலையால் மாட்டுவண்டிச் சட்டத்தோடு கட்டினார். மைல்கணக்காகக் குலுங்கி இறங்கியபோது கால்கள் விறகாய் விறைத்திருந்தன. வைத்தியர் அந்தக் கால்களைத்தான் அளந்தார். குதிக்குமேலுள்ள தசைநாணை எவ்வளவு வெட்டி நீட்டுவது என்று எழுதினார். அளவுக்கு மிஞ்சி நீட்டினால் கால் தளர்ந்துவிடும், பிறகு நிற்கவே முடியாது என்று சொன்னவரும் அவர்தான்.

குளத்தில் அந்தக் கால்கள் இளகுவதைத் தாய் அவரிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்.

(மூன்று பிரதிகளில் நானும் அருந்ததிக்கு ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.)

4
சத்திரசிகிச்சை நாள். தள்ளுகட்டில் சத்திரசிகிச்சை அறை வாசலில் நிற்கிறது. அருந்ததிக்கு இனி நிற்பேனா என்ற ஒரே நினைப்பு. கட்டிலில் கிடந்தபடி எட்டி வைத்தியரின் கையைப் பிடிக்கிறாள்.

"டொக்டர்... குளத்துக்குள்ள... என்ர குதி..."

"பயப்பிடுறாள், ஐயா. நீங்கள் கொண்டுபோங்கோ," என்கிறார் தாய்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் நடக்கிறாள்; மற்றதில் பாயோடு பாயாகிறாள். இரண்டையும் கிழித்தேன். இரண்டிலும் அவள் வசனத்தை முடித்தது நான்தான்.

"இல்லையம்மா... நான்... சொல்லுறன்."

நாக்கு இறுகுகிறது. வைத்தியர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அவள் அவர் கையை இன்னும் விடவில்லை. அந்த வசனம் முடிய எவ்வளவு நேரம் எடுக்குமென்று எனக்கும் தெரியாது. வாசகரே, நீங்கள் பக்கத்தைப் புரட்டினால் கட்டில் உள்ளே போய்விடும்.