சாட்சிச் சீட்டு

சுருவில் வீதியில் தம்பிஐயா அண்ணையை மோட்டார் சைக்கிள் மோதியபோது நான் வளவுக்குள் பனையோலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தத்துக்குத் திரும்பினால் அவர் வீதியில் விழுந்துகிடந்தார். பக்கத்தில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி றொஜன் நின்றான். நான் கண்டது அவ்வளவுதான். நீதிமன்ற அழைப்பாணை வந்த நாளிலிருந்து இரண்டு வீடும் என்னைத் தங்கள் சாட்சி என்றன. றொஜன் என் மச்சாளின் மகன். தம்பிஐயா அண்ணை என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கியவர்.

எங்கள் ஊரில் பிணக்கு வந்தால் அம்மன் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அணைத்த கையோடு இவன்தான் என்று சொல்லவேண்டும், அல்லது இவனில்லை என்று. நடுவில் ஒன்றுமில்லை. சாட்சிக் கூண்டையும் நான் அப்படியே நினைத்திருந்தேன். ஒரு பிடி சோறு இறங்கவில்லை.

நாரந்தனைப் பொதுமண்டபத்தில் நீதிமன்றம் எப்படி நடக்கும் என்று காட்டச் சட்ட உதவிக்காரர் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். தரையில் விரித்த, கட்டம் கீறிய பெரிய படங்கு, தாயக்கட்டை, சீட்டுகள்; காய்களாக நாங்களே கட்டங்களில் நின்றோம். நீதவான் சீட்டு எங்கள் ஊர்ச் சிவக்கொழுந்தக்காவுக்கு விழுந்தது. வழக்கு ஆட்டுக்களவு. ஒருவரும் வாய் திறக்கமுதல் அவ ஆறு மாத மறியல் தண்டனை கொடுத்துவிட்டா.

"வீட்டிலை அத்தானுக்குக் குடுக்கிற தீர்ப்பை இங்கை குடுக்காதையுங்கோ அக்கா" என்றாள் அஜந்தா. மண்டபம் சிரித்தது. விசாரிக்காமல் தீர்த்ததற்காக நீதவான் முதற் கட்டத்துக்குத் திரும்பவேண்டியதாயிற்று.

எனக்கு வந்தது சாட்சிச் சீட்டு. அறுந்த கயிற்றை மட்டும் கண்டதாக அதில் எழுதியிருந்தது. ஆட்டைக் கொண்டுபோனது யார் என்று விளையாட்டை நடத்திய இளம் சட்டத்தரணி பிரியவதனி கேட்டாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எதிரில் நின்ற அஜந்தாவைக் காட்டி, இவதான் என்றேன். பிரியவதனி என்னை இரண்டு கட்டம் பின்னால் போகச் சொன்னாள்.

"கயித்தைத்தானே கண்டனீங்கள் அக்கா?"

"ஓம். அப்ப என்னத்தைச் சொல்லுறது பிள்ளை?"

"ஆளைக் காணேல்லை எண்டு சொல்லுங்கோ."

"பிறகு அது சாட்சியோ?"

"அதுவும் சாட்சிதான். ஆர் செய்தது எண்டு முடிவெடுக்கிறது நீதவான்ரை பாடு. அதை நீங்கள் சுமக்கத் தேவையில்லை."

முதற் கட்டத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற சிவக்கொழுந்தக்காவைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவவுடைய நீதவான் சீட்டை நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுப் படலையில் மச்சாள் காத்திருந்தா. மகன் மெதுவாகத்தான் வந்தான் என்று சொல்லும்படி மறுபடியும் கேட்டா.

"நான் திரும்பேக்கை அவர் விழுந்திட்டார், மச்சாள். அதைத்தான் சொல்லுவன். அண்ணை வீட்டு ஆக்களுக்கும் இதையேதான் சொல்லப்போறன்."

தேத்தண்ணி வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று போய்விட்டா. முகம் நீண்டிருந்தது, இனி கொஞ்ச நாளைக்குப் பேசமாட்டா. நான் குசினிக்குள் போய் மத்தியானச் சோற்றைப் போட்டு, மீன்குழம்பு விட்டு, சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன்.