ஏழு மில்லிமீட்டர் ரப்பரும் ஒரு கம்பளிச் சட்டையும்

இருபது வயதிலிருந்து கடலுக்கு அடியில் பாறை தடவிக் கடல் முள்ளெலி என்ற முள் உருண்டைகளைப் பறிக்கிறவள் நான். குளிர் எனக்குப் புதிதல்ல. ஆனால் குளிருக்கு உடுப்பு வாங்கத் தெரியாது என்பது முப்பத்தாறு வயதில், எங்கள் தென்கோடித் தீவின் கெயோன் துறைமுகத்தில், ஓர்ஃபெலினா அக்காவின் கொட்டகையில்தான் தெரிந்தது.

என் பழைய ரப்பர் உடுப்பு நான்கு பருவம் உழைத்து, மிதிபட்ட ரொட்டி போலத் தட்டையாகிவிட்டது. போன வருடம் அதைப் போட்டுக்கொண்டு இறங்கி, விரல் மரத்துப்போய், இரண்டு முறை வெறும் கூடையோடு மேலே வந்தேன். படகுக்காரர் தோன் குஸ்தோதியோ நல்லவர்தான். ஆனால் அவருக்கு எர்வின் என்று ஒரு தங்கை மகன் இருக்கிறான்.

"சனிக்கிழம ரெண்டு தடவ இறங்கும்மா. தாங்கினீன்னா இடம் உனக்கு. இல்லேன்னா எர்வினுக்கு. அப்புறம் என்மேல வருத்தப்படாத" என்று சொல்லிவிட்டார்.

படகில் மூழ்குகிற ஆளுக்கு ஒரே இடம்தான். என் கணவன் பால்தோ அதே படகில் நான் மூச்சுவிடும் காற்றுக் குழாயைப் பிடிக்கிறவன். நான் கீழே போகப் போக அவன் குழாயை விடுவான். இரண்டு முறை இழுத்தால் தூக்குவான். எட்டு வருடமாக இப்படித்தான். எர்வினுக்குக் குழாய் பிடிக்க வேண்டிவரும் என்ற பேச்சு வந்ததிலிருந்து அவனுக்கு உருளைக்கிழங்குகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அளவெடுத்துத் தைக்கும் உடுப்புக்கு எங்கள் கையிருப்பு பாதிகூடக் காணாது. சால்மன் மீன் பண்ணையில் மூழ்குகிறவர்கள் விற்றுவிட்டுப் போவதை ஓர்ஃபெலினா வாங்கி, புகைபோட்ட சிப்பிச் சரங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பாள். எங்கள் காசுக்கு இரண்டு இருந்தன. நீலம் ஒன்று, நடு அளவு. கறுப்பு ஒன்று, பெரிய அளவு, முழங்காலில் ஒட்டு. இரண்டும் ஒரே விலை.

"கட்ட விரலால அழுத்திப் பாரு. பள்ளம் அப்படியே நின்னா செத்த ரப்பர். திரும்பி எழும்பினா உசுரு இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

அழுத்தினேன். இரண்டும் எழும்பின.

"தடிமன் எவ்வளவு? ஏழுக்குக் கீழ இருந்தா வேண்டாம்" என்றான் பால்தோ.

"ரெண்டும் ஏழுதான்யா. எனக்கே பாடம் நடத்துறியா?"

திரைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கழற்றினேன். மழைக்கோட்டு, ஸ்வெட்டர், பாவாடை, காலுறை. நீலத்துக்குள் நுழைவதற்குள் வியர்த்துவிட்டது. ஜிப் நெஞ்சுக்கு மேல் வர மறுத்தது, அப்படியே வெளியே வந்தேன். மீன் வாங்க வந்து வேடிக்கை பார்த்து நின்ற செகுந்தோ கிழவர் தலையிட்டார்.

"பொண்ணக் கொன்னுடாத ஓர்ஃபெலினா. ரத்தம் ஓட வேணாமா? கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் கையை வீசி வேல செய்யலாம்."

"நீ கடைசியா எப்ப கடல்ல இறங்கின? தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள வந்து வந்து போகும். ஒட்டி இருந்தா, வந்த தண்ணி அங்கயே நின்னு உடம்புச் சூட்டுல காயும். அதுதான் கதகதப்பு."

"இது ஒட்டலக்கா, நெரிக்குது" என்றேன்.

ஒருத்தர் இறுக்கம் என்றார், ஒருத்தர் தளர்வு என்றார். பால்தோ தடிமனையே பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கோ தலை சுற்றியது. கடைசியில் கறுப்பைப் போட்டேன். ஜிப் ஏறியது. ஓர்ஃபெலினா கழுத்தில் விரல் விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. முதுகுப் பள்ளத்தில் கை வைத்து அழுத்தினாள், இடைவெளி இல்லை.

"உனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போ" என்றாள். நிம்மதியாக வாங்கிவந்தேன்.

சனிக்கிழமை மழை. முதல் முறை இறங்கியதுமே கழுத்து வழியாக ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்தது. குனிந்தால் முதுகில் வந்தது. நிமிர்ந்தால் மணிக்கட்டு வழியாகப் போனது. கொட்டகையில் விரல் நுழையாத உடுப்புக்குள் இப்போது கடலே நுழைந்துகொண்டிருந்தது. இது அதே உடுப்புதானா? மூன்று நாளில் நான் இளைத்துவிட்டேனா? ஒன்றும் புரியவில்லை. பயமாக இருந்தது. இருபத்தைந்தாவது நிமிடம் பல் கிட்டித்துப்போய் குழாயை இழுத்தேன்.

தோன் குஸ்தோதியோ கடிகாரத்தைப் பார்த்தார். "எர்வினுக்குத் திங்கக்கிழம வேற வேல ஏதும் இல்ல" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு.

பால்தோ கெட்டிலில் இருந்த வெந்நீரை என் கழுத்து வழியாக ஊற்றினான். "யாரோ செய்வினை வச்ச உடுப்ப நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று முணுமுணுத்தான்.

"வாய மூடிட்டு என் சட்டைய எடு."

தார்ப்பாய்க்குப் பின்னால் போய் ரப்பர்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, என் கம்பளி உள்சட்டையை மாட்டிக்கொண்டேன். நடுக்கம் நிற்பதற்குள், "ரெண்டாவது தடவ இறங்கறியா, இல்ல கரைக்குத் திரும்பலாமா?" என்று தோன் குஸ்தோதியோவின் குரல் வந்தது. அவசரத்தில் கம்பளிக்கு மேலேயே ரப்பரை மாட்டினேன். ஜிப் ஏறியது. கழுத்தில் விரல் விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஓர்ஃபெலினாவின் கொட்டகையில் நான் கழற்றிய 'எல்லாம்' கம்பளிக்கு மேலே இருந்தது மட்டும்தான். இந்தத் தென்கோடியில் குளிர் தொடங்கும் மார்ச் மாதம் போட்டால், கோடை வரும் நவம்பரில் கழற்றும் உள்சட்டை அது. அதை எங்கள் தீவில் யாரும் துணி என்று கணக்கில் சேர்ப்பதில்லை. கழுத்துக்குள் விரல் விட்டுப் பார்த்த ஓர்ஃபெலினாவின் கண்ணுக்கே அது படவில்லை. கடலில் இறங்கும்போது மட்டும் ஈரமாகுமே என்று கழற்றி வைப்போம். நெரித்த நீலம்தான் என் அளவு. வாங்கியது என் கம்பளியின் அளவு.

இறங்கினேன். கழுத்தில் ஒரு நூல் தண்ணீர் வந்து நின்றது, நின்ற இடத்தில் சூடானது. ஒன்றரை மணி நேரம் இருந்து நான்கு கூடை நிறைத்தேன். தோன் குஸ்தோதியோ ஒவ்வொரு கூடையாக எட்டிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழம விடியறதுக்குள்ள வந்துடுங்க ரெண்டு பேரும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்தோஷம் பால்தோவுக்குத் தலைக்கேறிவிட்டது. உப்புப் போகட்டும் என்று அவனே என் கம்பளியைக் கொதிநீரில் அலசி, கணப்படுப்பின் மேல் காயப்போட்டான். பிறந்ததிலிருந்து ஒரு துணி துவைத்தவன் இல்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் எடுத்துப் பார்த்தேன். சட்டை சுருங்கிப் பூனைக்குப் போடுகிற அளவில் இருந்தது. மாற்றுச் சட்டையைப் பிரித்துப் போன மாதம்தான் காலுறை பின்னியிருந்தேன்.

"நீலத்த ஓர்ஃபெலினா நேத்தே வித்துட்டாளாம்" என்றேன். "இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

அவன் மழைக்கோட்டைக் கழற்றினான். ஸ்வெட்டரைக் கழற்றினான். அதன்பின் தன் கம்பளி உள்சட்டையைத் தலைவழியே உருவி என் கையில் கொடுத்தான். மே மாதத்தில் அவன் வெற்று மார்பை நான் பார்த்ததே இல்லை.

"பைத்தியமா உனக்கு? மேல மழைல நிக்கப் போறவன் நீ."

"ஸ்வெட்டர் இருக்குல்ல? போடு, நேரமாச்சு."

கச்சிதமாக இருந்தது. அவன் சூடு இன்னும் அதில் இருந்தது.

கீழே எனக்குக் குளிரவில்லை. மூன்று கூடை நிறைத்தேன். ஆனால் இடுப்பில் கட்டியிருந்த காற்றுக் குழாய் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் காற்றடிக்கும் என்ஜின் என்றுதான் நினைத்தேன். என்ஜின் சீராக அதிரும். இது விட்டுவிட்டு உதறியது. அதன் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நடுங்கினான்.

நான்காவது கூடையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு முறை இழுத்தேன்.

"என்னம்மா, அதுக்குள்ள? குளிருதா?" என்றார் தோன் குஸ்தோதியோ. அவர் கை கடிகாரத்தின் மேல் இருந்தது.

பால்தோவைப் பார்த்தேன். உதடு நீலமாகிவிட்டிருந்தது.

"ஆமா" என்றேன். "குளிருது."