நாலாக மடித்த சாக்ஸ்

மெக்கானிக் வருவதற்குள் அவள் வீட்டை எட்டுத் தடவை சுற்றி வந்துவிட்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள், எதற்கென்று தெரியாமல் மூடினாள். சோபாவில் உட்கார்ந்தாள், இருப்புக் கொள்ளவில்லை. படுக்கையறைக் கதவருகே மட்டும் கால் தானாக நின்றது. உள்ளே போனால் படுத்துவிடுவாள். படுத்தால் மகன் பள்ளி விட்டு வரும்வரை எழமாட்டாள்.

வாஷிங் மெஷின் இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக நின்றிருந்தது. குளியலறை வாசலில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், மெஷின் ரிப்பேர், அவள் என்ன செய்வாள்? மெஷின் ஓடிய நாட்களில் இதில் பாதி குவிந்ததற்கே, "நாள் பூரா வீட்லதானே இருக்க, அப்படி என்ன வெட்டி முறிக்கிற?" என்று கேட்ட மனிதர்தான். கெட்டவர் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற கோளாறு மட்டும்தான் அவருக்குக் கோளாறு.

மெக்கானிக் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே மகனின் சாக்ஸ் வந்தது.

"மறுபடியும் சாக்ஸாம்மா?"

"சின்னப் பையன் அண்ணே, எதையாவது எங்கயாவது போட்டுடறான்."

போன இரண்டு தடவையும் இந்தப் பொய் செல்லுபடியானது. இந்த முறை அவர் சாக்ஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அழகாக நாலாக மடிந்திருந்தது. பதினோரு வருடமாகத் துணி மடித்த பழக்கம்; திருட்டுத்தனம் செய்யும்போதும் கை தன் வேலையைக் காட்டிவிட்டது.

"துணி தானா மடிச்சுக்கிட்டு உள்ள போகாதும்மா."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கணவர் போன் செய்தார். "மெக்கானிக் வந்துட்டாரா? அவர்கிட்ட குடு. என்னதான் பிரச்சினைன்னு நானே கேக்கறேன்."

போனை நீட்டினாள்.

"பழைய பைப்புன்னு சொல்லிடறேன், கவலைப்படாதீங்க," என்றார் மெக்கானிக், தணிந்த குரலில். நல்ல மனிதர். அவள் தலையாட்டினால் போதும். நாளைக்கு மெஷின் ஓடும், துணி குவியும், அவள் அடுத்த சாக்ஸைத் தேடுவாள். நீட்டிய போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் வேணும்னே அடி மூடியைத் திறந்து சாக்ஸை அடைச்சு வெச்சேன். மூணு தடவையும்."

"என்ன சொல்ற? எதுக்கு?"

"துவைக்க முடியல. துவைக்க மட்டும் இல்லைங்க, எந்திரிக்கவே முடியல. நீங்க கிளம்புற வரைக்கும் எப்படியோ நிக்கிறேன். அப்புறம் படுத்தே கெடக்கேன். எனக்கு பயமா இருக்கு."

மெக்கானிக் திருப்புளியைத் தேடுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார். லைன் கட்டாகிவிட்டதா என்று திரையைப் பார்த்தாள். இல்லை.

"சாப்பிட்டியா?" என்றார் கணவர்.

தினமும் மதியம் அவள் அவரிடம் கேட்கிற கேள்வி அது. அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

"இல்ல," என்றாள். "நேத்தும் சாப்பிடல."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"போனை வெச்சிடாத," என்றார். "கிளம்பிட்டேன்."