ஒரு பெட்டிக்கு இரண்டு பேர்

கிறிஸ்துமஸ் அன்று பிடித்த மழை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை விடவில்லை. கூடத்துக் கொடியில் காயாமல் தொங்கிய மகளின் கவுனைத் தபீதாள் தொட்டுப் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு விசிறினாள். விடிந்தால் பார்க் ஸ்டேஷன் பக்கம் நடக்கிற எக்ஸிபிஷனுக்குப் போக வேண்டும்.

"இது காயலன்னா பச்சைக் கவுனைப் போட்டுக்கலாம், என்ன கிருபா?"

"நான் வரல." நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கிருபா தலையைத் தூக்கவில்லை. ஒன்பது வயது. ராட்சத ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சியவள், இந்த வாரம் முழுக்க இந்த ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தபீதாள் கரியை இன்னும் வேகமாக விசிறினாள். கிண்டியில் அவள் டைப்பிஸ்டாக இருந்த கம்பெனியில்தான் தனசிங் ஸ்டோர் கீப்பர். அவள் கணவன் ஐசக் இறந்து ஐந்து வருஷமாகிறது. 'எனக்கும் உங்களுக்கும் இனி ஒரே டிபன் கேரியர் போதுமே' என்று தனசிங் ஒரு நாள் சொன்னபோது, அவள் சிரித்துவிட்டு அன்றைக்கெல்லாம் தப்புத் தப்பாக டைப் அடித்தாள். போதகர் இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் ஓலை வாசிக்கத் தயாராக இருந்தார். கோயிலில் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பார். மூன்று வாரம் அப்படி வாசித்த பிறகுதான் கல்யாணம். "என் மகள் சம்மதிச்சா மட்டும் வாசியுங்க ஐயா. சனிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்" என்று தபீதாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராட்டினத்தின் உச்சியில், பட்டணமே காலடியில் தெரிகிற அந்த சந்தோஷத்தில், மெதுவாகக் கேட்டுவிடலாம் என்பது அவள் திட்டம். இன்னும் கிருபாவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்காரி கங்கையம்மாள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு பால் சொம்போடு உள்ளே வந்தாள்.

"இன்னா தபீதாம்மா, வானம் பொத்துகினு ஊத்துது, நீ பாட்டுக்குத் துணி தேச்சுகினு கீறியே?"

"நாளைக்கு எக்ஸிபிஷன் போறோம் கங்கையம்மா."

"இந்த மழைலயா? ராட்டினத்துல குந்திகினு மீன் புடிக்கப் போறியா?" சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு தெரு வரை கேட்கும்படி கேட்டாள். "மாப்ள சாரும் வராரா?"

தபீதாள் கண்ணால் அடக்கினாள். கங்கையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். கிருபா ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

இருட்டும் நேரத்தில் தனசிங் வந்து சேர்ந்தார். கிருபாவை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பல்லாவரம் சந்தையிலிருந்து சைக்கிளிலேயே வந்திருந்தார். மீசையில் இருந்தும் தண்ணீர் சொட்டியது. வாசற்படியில் பேன்ட்டைப் பிழிந்துவிட்டு, கேரியரில் கட்டியிருந்த மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தார். இரண்டு குடை. இரண்டு டார்ச். பிஸ்கட் டப்பாவுக்குள் மடித்து வைத்த துண்டு, உலர்ந்த காலுறை, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி.

"பகல்ல போற இடத்துக்கு டார்ச் எதுக்கு?" என்று தபீதாள் சிரித்தாள்.

"கரண்டு போச்சுன்னா?"

"அப்ப மெழுகுவர்த்தி?"

"டார்ச் நனைஞ்சிடுச்சுன்னா? ஸ்டோர்ல எது போனாலும் ஸ்பேர் இருக்கணும் தபீதா." கடைசியாக ஒரு சிவப்பு ரெயின்கோட்டை உதறி விரித்தார். "இது கிருபாவுக்கு."

அம்மாவின் முகத்துக்காகக் கிருபா எழுந்து வந்து கையை நுழைத்தாள். கை முழங்கையோடு நின்றுவிட்டது. கோட்டு இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

தனசிங்கின் முகம் வாடிவிட்டது. "ஆபீஸ்ல அம்மா மேஜைக் கண்ணாடிக்கு அடியில உன் போட்டோ இருக்கு. அதைப் பார்த்துதான் கடைக்காரன்கிட்ட உயரம் காட்டினேன்."

"அதுல நான் ஒண்ணாம் கிளாஸ் அங்கிள்."

"நீ வளருவேன்னு எனக்குத் தோணவே இல்லம்மா. மன்னிச்சுக்கோ."

பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது கிருபாவுக்குப் புதிதாக இருந்தது. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"ராட்டினத்துல ஒரு பெட்டிக்கு எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"அப்போ நீங்களும் அம்மாவும் ஏறினா நான் கீழ நிக்கணுமா?"

இஸ்திரிப் பெட்டி தபீதாளின் கையில் அப்படியே நின்றது. கருகல் வாசனை வந்தபிறகுதான் தூக்கினாள்.

"நான் ஏறப் போறதில்லையே" என்றார் தனசிங். "எனக்குத் தலை சுத்தும். ஸ்டோர்ல ஏணியில ஏறணும்னாகூட ஹெல்பர் லோகநாதனைத்தான் ஏத்துவேன். அம்மாவைக் கேளு."

"உண்மைதான்" என்றாள் தபீதாள். "ரெண்டாவது படியிலயே கண்ணை மூடிக்குவார்."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"குடை, செருப்பு, அம்மா ஹேண்ட்பேக் எல்லாம் யார் பிடிச்சுக்கறது?"

கிருபா சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க எங்க வீட்டுக்கே வந்துடப் போறீங்களாமே. கங்கையம்மா அத்தை சொன்னாங்க. ஓலை வாசிக்கும்போது ஆட்சேபணை இருந்தா எழுந்து சொல்லலாமாம். சின்னப் பிள்ளைங்களும் சொல்லலாமா?"

தபீதாள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். தனசிங் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் கிருபாவைவிடக் குட்டையாகத் தெரிந்தார்.

"சொல்லலாம். ஆனா அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். இப்பவே சொல்லிடு. நீ வேண்டாம்னா நான் வரல. கோபப்பட மாட்டேன். கொஞ்சம் அழுவேன், அவ்வளவுதான்."

"வந்தா இங்க என்ன பண்ணுவீங்க?"

"அதை நீதான் சொல்லணும். இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை இருக்குன்னு எனக்குத் தெரியாது."

கிருபா வாசல் கதவைக் காட்டினாள். "மழை பெஞ்சா அது உப்பிடும். பூட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து என்னால இழுக்க முடியாது. ஸ்கூல் விட்டு வந்து அம்மா ரயில் வர்ற வரைக்கும் கங்கையம்மா அத்தை மாட்டுக் கொட்டாய்ல உக்காந்திருப்பேன்."

"கிருபா!" தபீதாள் அவள் தோளைப் பிடித்தாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ வேலையை விட்டுடுவேன்னு சொல்லுவ. அத்தைகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

தபீதாள் அடுத்த அறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போன மழைக்காலம், அதற்கு முந்தின மழைக்காலம். சாயங்காலங்களில் தலையெல்லாம் வைக்கோலாக ஓடி வந்து தன் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளையை, விளையாடிவிட்டு வருகிறாள் என்று திட்டியது நினைவுக்கு வந்தது.

கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. தனசிங் மெழுகுவர்த்தியை எடுத்துக் கதவின் விளிம்பில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கிருபா டார்ச் பிடித்தாள்.

"இன்னும் கீழ அங்கிள். அங்கதான் மாட்டும்."

"இப்பத் தள்ளிப் பாரு."

அசையவில்லை. மறுபடியும் தேய்த்தார். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளலாம்" என்றார். அந்த முறை கதவு ஒரேயடியாகத் திறந்துகொள்ள, இருவரும் வாசல் தண்ணீரில் போய் விழுந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து கங்கையம்மாள், "அய்ய, இன்னா சார், இப்பவே வூட்டை இடிக்கிறியா?" என்று கூவினாள். அப்போதுதான் கிருபா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்தபடியே.

அன்றிரவு தபீதாள் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையும் மழை விடவில்லை. தனசிங் குடையோடு வந்து நின்றபோது கிருபா பச்சைக் கவுனில் தயாராக இருந்தாள். மூன்று பேரும் தண்ணீரைத் தாண்டித் தாண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். கோயில் தெரு முனையில் கிருபா நின்றாள்.

"போதகர் ஐயா வீடு இந்த வழிதானேம்மா?"

"ஆமா."

அவள் முன்னால் ஓடினாள். போதகர் வராந்தாவில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். குடைகளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்த மழையில எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

தபீதாள் வாயைத் திறப்பதற்குள் கிருபா படியேறிவிட்டாள்.

"நாளைக்கு ஓலை வாசிச்சுடுங்க ஐயா. எனக்கு ஆட்சேபணை இல்ல." கையைக் கட்டிக்கொண்டு முறையாகச் சொல்லிவிட்டுத் திரும்பியவள், தெருவில் அசையாமல் நின்ற இருவரையும் பார்த்து அவசரப்படுத்தினாள். "வாங்களேன்! ரயில் போயிடப் போகுது."