பதினேழாம் பத்தி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மதிய இடைவேளை இருபத்தைந்து நிமிடம். சாப்பாட்டு அறையின் மூலையில் உயரே மாட்டியிருந்த தொலைக்காட்சி அந்த நேரம் முழுவதும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், எவரும் காதுகொடுப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை மட்டும் எல்லாரும் கேட்டார்கள். அமைச்சர் ஒருவர் மேடையில் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

நாட்டைவிட்டு அனுப்பவேண்டிய ஒருவனை அனுப்ப முடியவில்லையாம். அவன் வீட்டுப் பால்கனியில் ஓர் எலுமிச்சைச் செடி இருக்கிறதாம். அவன் போய்விட்டால் செடி வாடிவிடுமே என்று நீதிபதி உருகிவிட்டாராம். மனித உரிமைச் சட்டம் இந்த நாட்டை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள், அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வேன், அந்தச் சட்டத்தையே குப்பையில் போடுவேன் என்று அவர் முடித்தபோது, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

சாப்பாட்டு மேசையிலும் சிரிப்பு அடங்கவில்லை. மடிப்புப் பிரிவின் மூத்தவள், எல்லாருக்கும் அக்கா, தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுல நாலு தொட்டி இருக்கு. அப்போ என் வீட்டுக்காரரை எந்தச் சாமி வந்தாலும் வெளியேத்த முடியாது. எல்லாம் என் தலையெழுத்து."

தேய்ப்பு இயந்திரத்தில் விரிப்புகளை ஏற்றுபவள் மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. அது அவள் வீட்டுச் செடி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"பல்வலி அக்கா" என்றாள்.

அந்தத் தீர்ப்பு இருபது பக்கம், நாற்பத்துமூன்று பத்தி. வழக்கறிஞர் வரிவரியாக விளக்கியதில் அது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. செடியைப் பற்றி வழக்கில் முதலில் வாய்திறந்தவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். "இங்கிருந்து போனால் விட்டுப்போக உமக்கு என்ன இருக்கிறது? ஒரு வாடகை வீடு, அதில் என்ன இருக்கிறது?" என்று அவள் கணவனை அவர் குடைந்தார். கணவன் வெல்டர், கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிப் பழகியவன். கட்டில், அலமாரி, மகளின் சைக்கிள், எலுமிச்சைச் செடி என்று அடுக்கிவிட்டான். அந்தப் பொருள்களுக்குத் தாம் எந்த மதிப்பும் அளிக்கவில்லை என்று பதினேழாம் பத்தியில் நீதிபதி எழுதினார். அவர்களைத் தங்க அனுமதித்த காரணம் பதினெட்டாம் பத்தியில் இருந்தது. எட்டு வயது மகளின் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டும். அவர்கள் பிறந்த நாட்டில் அந்த ரத்தமும் இல்லை, மருந்தும் இல்லை.

அமைச்சர் கையிலும் அதே இருபது பக்கம்தான் இருந்திருக்கும். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர்.

தீர்ப்பில் பெயர்களுக்குப் பதில் எழுத்துகள்தாம் இருந்தன என்பது ஒன்றே ஆறுதல். ஆனால் அவர்கள் குடியிருந்த நான்காம் மாடிப் பால்கனி தெருவைப் பார்த்து இருந்தது. போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கதவில் தார் பூசிச் சன்னல்களை உடைத்தார்கள். அந்த வீட்டுக்காரரைப் பற்றியும் யாரோ மேடையில் பேசியிருந்தார்கள்.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது பால்கனி வெறுமையாக இருந்தது. பட்டறையில் செய்தி கேட்ட கணவன், முன்னதாகவே வந்து தொட்டியைக் குளியலறைக்குள் நகர்த்தியிருந்தான். வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். மகள் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் தடுத்தாள். பொடிசு என்று அவர்கள் அழைக்கும் அந்த மகளிடம், செடிக்குச் சளி பிடித்திருக்கிறது, காற்றுப் படக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள். அவளும் பெரியவள் மாதிரித் தலையாட்டினாள். சளிக்கு வெந்நீர்தானே ஊற்றவேண்டும் என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்த பொடிசு, காலணியைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, டிவியில ஒரு பெரிய ஆள் நம்ம செடியைப் பத்திப் பேசினாராம். பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னா. அது எங்க வீட்டுச் செடிதான்னு சொன்னேன், நம்பவே இல்ல. அதான் வீட்டு நம்பரையும் சொல்லிட்டேன்."

திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். தன் செடியைப் பற்றி நாடே பேசுகிறதென்று பூரித்து நிற்கும் பிள்ளையை எதற்காகத் திட்டுவது?

"சமர்த்து" என்றாள்.

அதன்பிறகு அவளுக்குக் காதுதான் உடம்பு முழுக்க. மின்தூக்கி எந்த மாடியில் நின்றாலும் கேட்டது. படிக்கட்டில் யாரோ இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொடிசுக்கு ரத்தம் ஏற்றும் முறை. அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை அழைப்புமணி ஒலித்தது. பக்கத்து பெஞ்சுக்காரியின் அப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மரியாதையானவர். வணக்கம் சொன்னார். கைபேசியை மட்டும் மார்புக்கு நேரே நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அமைச்சர் சொன்ன செடி உங்க வீட்டுதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உள்ளே மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, எங்க செடிதான்" என்றாள். உள்ளே போய்த் தீர்ப்பை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். "பதினேழாவது பத்தி சார். கொஞ்சம் சத்தமாப் படிங்க. அதுக்கு அடுத்ததையும்."

அவர் படித்தார். பதினேழில் இருந்த குரல் பதினெட்டில் இல்லை. முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இது தெரியாதும்மா. டிவியில அப்படித்தானே சொன்னாங்க."

நல்ல மனிதர், புரிந்துகொண்டார் என்று அவள் கணவனிடம் சொன்னாள். கணவன் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

வியாழன் காலை ஏழேகால் மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"உன் வீட்டுக் கதவு என் போன்ல வந்திருக்குடி."

பன்னிரண்டு விநாடிப் படம். கதவு எண், அவள் முகம், "ஆமாங்க, எங்க செடிதான்" என்ற அவள் குரல். அவ்வளவுதான். அவர் படித்த பத்திகள் அதில் இல்லை. வெட்டியவர் அவரா, அவரிடமிருந்து வாங்கிப் பரப்பியவரா, யாருக்குத் தெரியும்? எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"அன்னைக்குப் பல்வலின்னு சொன்னியே" என்றாள் அக்கா. "நான் வர்றேன். ரெண்டு பஸ் மாறணும். அதுவரைக்கும் கீழே இறங்காதே."

சன்னல் திரையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். கீழே கட்டட வாசலில் ஏழெட்டுப் பேர். இருவர் பால்கனிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கணவன் காவல் நிலையத்துக்குப் பேசினான். அவர்கள் ஏதாவது செய்தார்களா என்று கேட்டார்களாம்; இன்னும் இல்லை என்றானாம்; செய்தால் கூப்பிடுங்கள் என்றார்களாம்.

எட்டரை ஆயிற்று. அக்கா இன்னும் இரண்டாவது பேருந்துக்கே வந்து சேரவில்லை. இந்த முறையை விட்டால் அடுத்தது திங்கட்கிழமைதான். முன்பு இரண்டு நாள் தள்ளிப்போனதற்கே பொடிசு படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். இன்றும் உதடு வெளுத்துத்தான் இருந்தது.

மூவரும் படிவழியாக இறங்கினார்கள். ஏன் மின்தூக்கியில் போகவில்லை என்று பொடிசு கேட்டாள். கீழ்வாசல் கதவுக்கு அப்பால் யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்; சாப்பாட்டு அறையில் கேட்ட அதே சிரிப்பு.

"அம்மா, நம்ம செடியைப் பார்க்கவா வந்திருக்காங்க?"

"ஆமாடா கண்ணு. நீ அப்பா கையை விடாதே."

எட்டு நாற்பது. இனியும் நின்றால் ஒன்பதுக்குப் போய்ச்சேர முடியாது. கணவன் மகளைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டான். அவள் முன்னால் நின்று தாழ்ப்பாளை விலக்கினாள்.